மஞ்சள் கல்லும் கிராம சபையும்: நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்

புதுச் சாலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை போட்டதை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

எங்கள் ஊர் செங்கம் பக்கம். 2018 ஜூனில் சேலம் சென்னை எட்டு வழிச் சாலைக்கு அளக்க வந்தார்கள். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் என்று டிவியில் கேட்டபோது அது யாரோ ஊர் சமாச்சாரமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் என் மாமாவின் மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையில், கிணற்றுக்கு எட்டடி தள்ளி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்று நின்றது. மாமா கயிறு கொண்டுவந்து அளந்து பார்த்தார். எத்தனை முறை அளந்தாலும் கிணறு உள்ளேதான் வந்தது.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். வழக்கமாக நூறு நாள் வேலைக்காரர்களைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கி முடித்துவிடும் கூட்டம், அன்றைக்கு உட்கார இடமில்லை. கூத்து என்னவென்றால் அப்போது ஊராட்சித் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் கையில் இருந்த காலம் அது. நாம் ஓட்டுப் போட்ட ஆள் ஒருவரும் மேடையில் இல்லை. கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து அனுப்பிய பற்றாளரும் ஊராட்சி செயலரும் மட்டும்தான்.

முதலில் எல்லோரும் ஒரே குரல். சென்னைக்கு கிருஷ்ணகிரி வழியாக ஒரு சாலை இருக்கிறது, உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்று இருக்கிறது, அதில் ஒன்றை அகலப்படுத்துங்கள், மூன்றாவது எதற்கு என்றார்கள். சரி, நியாயம். அரை மணி நேரத்தில் பேச்சு திரும்பியது. ஒருவர் எழுந்து "சாலை வந்தே தீரும்னா கல்லை மேற்கால தள்ளி நடச் சொல்லுங்க" என்றார். மேற்கே அவருடைய சம்பந்தியின் தென்னந்தோப்பு. அந்தச் சம்பந்தியும் அங்கேயே, மூன்று பேர் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். "அப்ப என் மரம் போனா பரவால்லியா?" என்று மட்டும் கேட்டார், சத்தமே போடவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இன்னொருவர் மலையடிவாரம் என்றார், அது காப்புக்காடு என்று வேறொருவர் வாயை அடைத்தார். நல்ல விலை கொடுத்தால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள், டீக்கடையில் பேசியவர்கள் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு மறக்காத கேள்வி ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் கேட்டது. "இந்த ரோட்டுல நம்ம ஊர்க்காரன் எங்க ஏறுவான்?" கண்ட இடத்தில் ஏறி இறங்க முடியாத சாலை அது. பற்றாளர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பாவம், அவருக்கு வரைபடமே கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் "அங்கயும் வேணாம் இங்கயும் வேணாம்னு எழுதுங்க" என்று மாமாதான் முடித்தார். தீர்மான நோட்டில் எழுத வைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீர்மானத்தைவிட எங்களுக்கு உதவியது, தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆளாளுக்கு சர்வே எண் போட்டுக் கொடுக்கிற ஆட்சேபனை மனுதான். கூட்டத்தில் சத்தம் போட்ட பாதிப் பேர் அதைக் கொடுக்கவே இல்லை.

*

உங்கள் மஞ்சள் கல் கதையைப் படித்தேன். நான் சேலத்திலிருந்து ஜவ்வரிசி லோடு ஏற்றுபவன், அதனால் கோபப்படாமல் படியுங்கள். உளுந்தூர்பேட்டை சாலை இருக்கிறது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்போதெல்லாம் நாலு வழியில் வேகமாக வந்துகொண்டே இருப்போம், வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி என்று புறவழிச்சாலை வரும் இடமெல்லாம் திடீரென்று ரெண்டு வழியாகிவிடும், எதிரே பஸ் லைட் கண்ணில் அடிக்கும். என் கூட ஓட்டின பையன் ஒருவன் அப்படித்தான் போனான். அதை முதலில் சரி பண்ணியிருந்தால் மூன்றாவது சாலைப் பேச்சே வந்திருக்காதோ என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் சாலையே தேவையில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊரில் நடந்தது சின்ன சண்டை, நகராட்சிப் புறவழிச்சாலை. கிழக்கே போனால் ஏரி உள்வாய், மேற்கே போனால் நெல் வயல். மன்றக் கூட்டத்தில் ஒரு வார்டு உறுப்பினர் மேற்குதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று அப்போது புரியவில்லை. ஒருநாள் அந்தப் பக்கம் வண்டியில் போனேன், வயலுக்கு நடுவே பிளாட் போட்டு வெள்ளைக் கல் வரிசையாக நட்டிருந்தது, கொடி கூடக் கட்டியாச்சு. உங்கள் ஊரில் மஞ்சள் கல் முதலில் வந்தது. எங்களுக்கு வெள்ளைக் கல்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா கடை வைத்திருக்கும் என் சித்தப்பா எந்தப் பக்கமும் வேண்டாம் என்றார். வெளியூர் வண்டி ஊருக்குள் வராவிட்டால் ராத்திரி யார் சாப்பிடுவது?

மாமா நிலம் என்ன ஆச்சு அண்ணா? கல் இன்னும் இருக்கிறதா?

*

தம்பி, 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தபோது ஊரில் வெடி வெடித்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது, ஆனால் நிலத்தை எடுத்து முடிக்குமுன்பே வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றியது தப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொண்டது. மாமாவுக்குத் தீர்ப்பில் புரிந்தது அந்த ஒரு வரிதான். மறுநாளே இ-சேவை மையத்துக்குப் போய்ச் சிட்டா எடுத்து, தன் பெயரும் அவர் அப்பா பெயரும் சரியாக இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

கல் இருக்கிறது. பெயிண்ட் உரிந்துபோய்விட்டது. அத்தை ஆட்டை அதில்தான் கட்டுகிறார்.