செயற்கை மூளை ஸ்கேன்களை ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அனுபவம்

மூளைக் கட்டியை அடையாளம் காணும் மாடலுக்கு டேட்டா போதவில்லை என்பதால், டிஃப்யூஷன் மாடலை (வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கிப் படிப்படியாகப் படத்தை உருவாக்கும் ஏ.ஐ.) வைத்து எம்.ஆர்.ஐ. படங்களை உருவாக்கும் வேலையில் இருந்தேன். டி1, டி2, ஃப்ளேர், மருந்து ஏற்றி எடுத்த டி1 என்று, மூளைக் கட்டி ஸ்கேன்களின் பொதுத் தொகுப்பான ப்ராட்ஸில் இருக்கிற நான்கு வகை எம்.ஆர்.ஐ. படமும் வரவேண்டும். படங்கள் பார்க்க அருமையாகவே வந்தன, செயற்கைப் படங்கள் நிஜப் படங்களிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் எஃப்.ஐ.டி. மதிப்பும் இறங்கிக்கொண்டே போனது (குறைந்தால் நல்லது). ஆனால் அந்த அளவீட்டுக்குப் பின்னால் இருக்கும் நெட்வொர்க், சாதாரணப் புகைப்படங்களைப் பார்த்துப் பழகியது. அதற்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்?

அனுபவமுள்ள ஒரு ரேடியாலஜிஸ்டிடம் காட்டினோம். அவர் கட்டியைப் பார்க்கவே இல்லை, நேராக அதன் பக்கத்தில் இருந்த வென்ட்ரிக்கிளை (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) பார்த்தார். "இவ்வளவு பெரிய கட்டி, சுற்றி இவ்வளவு வீக்கம், வென்ட்ரிக்கிள் கொஞ்சம்கூட அமுங்கலையே? நடுக்கோடும் நகரலையே?" என்றார். மண்டை ஓட்டுக்குள் இருக்கிற இடம் அவ்வளவுதான், ஒன்று வளர்ந்தால் பக்கத்தில் இருப்பது ஒதுங்கித்தான் ஆகவேண்டும். மாடலோ நல்ல மூளையை வரைந்து அதன்மேல் கட்டியை வைத்திருந்தது. அப்புறம் அடுக்குகளைச் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னார், ஒவ்வொரு ஸ்லைஸும் தனித்தனியாக உருவானதால் மூளை மடிப்புகள் படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து தெரிந்தன.

முழு 3டியாக உருவாக்கினால் இந்த உடைசல் போகும், ஆனால் ஜி.பி.யு. மெமரி தாங்காது. படத்தைச் சுருக்கிவிட்டு அந்தச் சுருக்கத்துக்குள் டிஃப்யூஷனை ஓட்டும் லேட்டன்ட் முறைதான் அதற்கு வழி, பிரிட்டனில் தன்னார்வலர்களிடம் திரட்டிய யுகே பயோபேங்க் ஸ்கேன்களில் பழக்கி 2022இல் 1,00,000 செயற்கை மூளைகளை வெளியிட்ட குழுவும் அப்படித்தான் செய்தது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஒரு வகை ஸ்கேனை இன்னொரு வகையாக மாற்றித் தரும் மாடல்கள்தான். ஆரோக்கியமானவர்களின் படங்களை மட்டும் பார்த்துப் பழகிய மாடல், நோயாளியின் ஸ்கேனை மாற்றும்போது கட்டியையே அழித்துவிடலாம், கட்டிகளையே பார்த்துப் பழகியது இல்லாத கட்டியை வரைந்துவிடலாம். 2018இலேயே சைக்கிள்கேன் என்ற பட மாற்று மாடலை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். அப்படி வந்த படத்தைப் பார்த்து யாரும் நோயை முடிவு செய்யக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இப்போது செயற்கைப் படங்கள் பயிற்சிக்கு மட்டும்தான், சோதிப்பது முழுக்க நிஜ ஸ்கேன்களில். உருவான படத்துக்கு மிக நெருக்கமானதைப் பயிற்சி டேட்டாவில் தேடி எடுத்து அருகருகே வைத்தும் பார்க்கிறோம். அப்படியே ஒத்துப்போனால் அது யாரோ ஒரு நோயாளியின் மூளை, உடனே தூக்கிவிடுகிறோம்.