ஹைட்ரோஃபாயில்: 94 கிலோ, ரெண்டே பம்ப்புல மூழ்குது: எடையா, தம்மா, சிறகா?

அரசலாற்றங்கரை:
காரைக்கால் அரசலாறு, கழிமுகத்துக்குக் கொஞ்சம் மேலே. மிதவை மேடையிலேருந்து ஓடிக் குதிச்சு ஹைட்ரோஃபாயில் (தண்ணிக்கடியில சிறகு வெச்ச பலகை) பழகுறேன். எடை 94 கிலோ, உயரம் 178 செ.மீ. முன்சிறகு 1800 சதுர செ.மீ., அலுமினிய மாஸ்ட் (போர்டையும் சிறகையும் இணைக்கிற தண்டு) 75 செ.மீ., போர்டும் ஃபாயிலும் சேர்ந்து 8 கிலோ. ஓட இடம் மூணு மீட்டர்தான். ஏறி நின்னதும் ரெண்டு பம்ப் (முன்னாடி போக காலால போர்டை மிதிச்சு உந்துறது), அதோட தண்ணிக்குள்ள. இதே செட்டுல 58 கிலோ நண்பர் 20 விநாடி போறார். தினமும் 5 கி.மீ. ஓடுறதால மூச்சு வாங்கல. ஆனா பத்து முயற்சிக்கு மேல பின்னங்கால் தொடை எரியுது. எடையைக் குறைச்சாத்தான் வழியா?

கொள்ளிடக்கரை:
அண்ணே, எடையைக் குறைக்கிறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. சிறகு தர்ற தூக்குவிசை அதோட பரப்பையும் வேகத்தோட வர்க்கத்தையும் பொறுத்தது. நீங்களும் செட்டும் 102 கிலோ, நண்பரும் செட்டும் 66 கிலோ. அதே 1800 சிறகுல, அதே கோணத்துல அவரைத் தூக்க மணிக்கு 13 கி.மீ. போதும்னா, உங்களுக்கு 16 வேணும். மூணு மீட்டர் மேடையில, கையில போர்டோட, 16 எட்டுறது கஷ்டம். அதாவது நீங்க பம்ப்புல தோக்கல, கிளம்புறப்பவே வேகம் பத்தல. வேகம் இல்லாத சிறகை மிதிச்சா அது முன்னாடி போகாது, கீழதான் போகும்.

காலுக்கு வர்ற வேலையும் எடைக்குச் சமமா ஏறாது. ஒரே சிறகுல அது எடையோட 1.5 அடுக்கா, அதாவது எடையை அதோட வர்க்கமூலத்தால பெருக்கின கணக்குல ஏறும். 66க்கும் 102க்கும் பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேலை.

இப்ப ரெண்டு வழியையும் ஒப்பிடுங்க. 6 கிலோ குறைச்சா தேவையான வேலை சுமார் 9 சதவீதம் குறையும், கிளம்புற வேகம் 15.5க்கு இறங்கும். சிறகை 2200 ஆக்கினாலும் வேலை அதே 9 சதவீதம்தான் குறையும், ஆனா கிளம்புற வேகம் 14.5க்கு வந்துடும். முதல்ல சிறகை மாத்துங்க. மேடையில ஓடுற தூரத்தை ஆறு மீட்டராக்க முடிஞ்சா அதையும் செய்யுங்க.

திருமலைராஜன்:
மேல சொன்னது சரி. பின்னங்கால் எரியுறதுக்குக் காரணம் வேற. முன்பக்கத்தைத் தூக்கிவைக்கவே பின்னங்காலை அழுத்திக்கிட்டு இருக்கீங்க. போர்டுக்கு அடியில மாஸ்ட்டைப் பொருத்துற ட்ராக்குல மாஸ்ட் ரொம்பப் பின்னாடி இருக்கு. ஒரு செ.மீ. முன்னாடி நகர்த்திப் பாருங்க, ஒரு தடவைக்கு அவ்வளவுதான். நகர்த்தின பிறகு சிறகு தண்ணிக்கு வெளியே வந்து விழுந்தா அரை செ.மீ. பின்வாங்குங்க.

குதிக்கிறதுலயும் ஒரு விஷயம். கனமான ஆளுங்க பெரும்பாலும் போர்டு மேல "விழுறாங்க". போர்டை மட்டமா, ஓடுற திசையிலேயே தண்ணியில விட்டு, அது நகர்ந்துக்கிட்டிருக்கும்போதே ரெண்டு காலையும் கிட்டத்தட்ட ஒண்ணா வைக்கணும், முன்னங்கால் கொஞ்சம் அழுத்தமா. மேடைக்கு மேல எழும்பிக் குதிச்சா அந்த உயரம் முழுக்கச் சிறகை ஆழத்துக்குத் தள்ளும். முன்னோக்கிப் போங்க, மேல போகாதீங்க.

ஏறி நின்னதும் உடனே மிதிக்கவும் வேண்டாம். ஒரு விநாடி அப்படியே சறுக்கவிட்டு, போர்டு மேல வர்றப்ப முழங்காலை மடக்கி இடம் கொடுங்க. உச்சியைத் தொட்டதும் ரெண்டு காலாலயும் அழுத்துங்க. ஊஞ்சல்ல நின்னு உந்துற மாதிரிதான், பலத்தைவிட நேரம் முக்கியம். சிறகு மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே இருக்கணும். ஆழத்துல போனா மாஸ்ட் நீளம் முழுக்கத் தண்ணியை இழுத்துக்கிட்டுப் போகணும், அதோட ஒவ்வொரு தடவையும் மேல ஏறவும் வேணும்.

அலுமினிய மாஸ்ட்டை 94 கிலோ வளைக்கும், முறுக்கும். உங்க மிதியில ஒரு பங்கு அதுக்கே போயிடும். உடனே கார்பன் வாங்கணும்னு இல்ல. ஆனா ஒவ்வொரு நாளும் ஃபியூசிலாஜ் (மாஸ்ட்டுக்கு அடியில சிறகைத் தாங்குற தண்டு) போல்ட்டு, ட்ராக் போல்ட்டு இறுக்கமா இருக்கான்னு பாருங்க. உப்புத்தண்ணியில அலுமினியத்துல எஃகு போல்ட்டு பிடிச்சுக்கும். நல்ல தண்ணியில அலசி, மரையில கிரீஸ் தடவுங்க.

நண்டலாறு:
எதிர்ப்பக்கம் ஒரு சந்தேகம். எடை 47 கிலோ, சிறகு 2200. கிளம்புறது சுலபம், ஆனா எவ்வளவு மிதிச்சாலும் போர்டு அசையவே மாட்டேங்குது.

கொள்ளிடக்கரை:
உங்களுக்குச் சிறகு பெருசுங்க. அவ்வளவு பெரிய தட்டை உங்க எடையால கீழ அழுத்த முடியாது. 1400-லேருந்து 1500 வரைக்கும் சரியா வரும். இன்னொண்ணு, 8 கிலோ செட்டு உங்க எடையில 17 சதவீதம், அண்ணனுக்கு 8.5தான். இளைச்ச உடம்புக்குச் செட்டோட எடையைக் குறைச்சா பலன் நல்லாத் தெரியும். ரெண்டு காலுக்கும் நடுவுல இடைவெளியைக் குறைச்சு, சின்னச் சின்னதா, வேகமா மிதிங்க.

அரசலாற்றங்கரை:
நன்றிண்ணே. 2200 சிறகு இரவலாக் கிடைக்குது. அப்ப உடற்பயிற்சியே வேண்டாமா?

திருமலைராஜன்:
வேணும், ஆனா 5 கி.மீ. ஓட்டம் இதுக்கு நேரா உதவாது. அது மெதுவா நீளமா எரியுற அடுப்பு. பம்ப் பண்றது அரை நிமிஷத்துக்கு முழுத்தீ. தசையில கையிருப்பா இருக்கிற சக்தி சுமார் 10 விநாடிக்குத்தான் வரும், பெரும்பகுதி திரும்ப மூணு நிமிஷம் ஆகும். அதனால முயற்சிக்கு முயற்சி மூணு நிமிஷம் இடைவெளி விடுங்க. அவசரப்பட்டு முப்பது தடவை குதிக்கிறதைவிட நிதானமாப் பன்னிரண்டு தடவை மேல்.

கரையில வாரம் ரெண்டு நாள் ஸ்கிப்பிங்: 30 விநாடி வேகமா, 90 விநாடி ஓய்வு, எட்டுச் சுற்று. அரைக்குந்தல்லேருந்து எம்புறது பத்துப் பத்தா மூணு முறை, சிமெண்ட்டுல வேண்டாம், மணல்ல. 94 கிலோவுக்கு முட்டியும் கணுக்காலும்தான் முதல்ல முறுக்கிக்கும்.

கொள்ளிடக்கரை:
இடத்தைப் பத்தியும் சொல்லிடுறேன். படித்துறையிலேருந்து முயற்சி பண்ணாதீங்க, தண்ணிக்கடியிலயும் படி நீளும், சிறகு கல்லுல மோதும். 75 மாஸ்ட்டுக்குக் கழுத்தளவு ஆழமாவது, ஒன்றரை மீட்டர், இருக்கணும். சேறு இடம் மாறும், அதனால ஒவ்வொரு தடவையும் கழியால ஆழம் பாருங்க. ஆத்துல புதுத்தண்ணி வர்றப்ப வெங்காயத்தாமரை மிதந்து வரும், ஒரு கொத்து மாஸ்ட்டுல சிக்கினாலே ஆள் தலைகுப்புறப் போவார். வலை கட்டியிருக்கான்னு மீனவர்கள்கிட்ட கேட்டுக்கங்க. ஹெல்மெட் கட்டாயம். கொள்ளிடத்துல அணைக்கரைப் பக்கம் முதலை உண்டு, அங்க இறங்கவே வேண்டாம்.

அரசலாற்றங்கரை:
மாஸ்ட்டை ஒரு செ.மீ. முன்னாடி நகர்த்தியாச்சு. 2200 கைக்கு வந்ததும் மாஸ்ட்டை அதே இடத்துல வெச்சுக்கலாமா?

திருமலைராஜன்:
வேண்டாம். பெரிய சிறகு முன்பக்கத்தை அதிகமாத் தூக்கும். பழைய இடத்துக்கே கொண்டுபோய் ஆரம்பிச்சு, அரை அரை செ.மீட்டரா நகர்த்துங்க.