நுரையீரல் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறவங்க உங்க அனுபவத்த எழுதுங்க

வாய்க்காக்கரை அம்மிணி, கோபி பக்கம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு நுரையீரலுக்கு போற ரத்தக்குழாய்ல பிரஷர். சில்டெனாஃபில் 20 மில்லிகிராம் மூணு வேளை, போசென்டான் ரெண்டு வேளை, நீர் போறதுக்கு ஒரு மாத்திரை, இது தான் என்ற பொழப்பு ரெண்டு மூணு வருசமா. மாத்திரைனால வந்த தொந்தரவ கூட தாங்கிக்கலாமுங்க, அது எதுக்குண்டான மாத்திரைன்னு வெளங்காதவங்க பண்ற தொந்தரவு தான் நெம்ப ஜாஸ்தி.

மொதல்ல பால் சொசைட்டிக்கு கேன தூக்கிட்டு போறப்ப பாதி வழில நின்னு நின்னு போவேன். ரத்தம் பத்தலைன்னு இரும்பு டானிக் குடுத்தாங்க, அப்பறம் ஆஸ்துமான்னு மூக்கு வாய்ல அடிக்கற மருந்து, ஒரம்பரைல ஒருத்தர் பெருந்துறை சானடோரியத்துக்கு கூட்டிட்டு போங்கன்னாரு, எங்க பக்கம் இழுப்புன்னாலே பெரியவங்களுக்கு இன்னும் அந்த காலத்து காசநோய் ஆஸ்பத்திரி ஞாபகம் தான் வரும். கடைசில கோயமுத்தூர்ல எக்கோங்கற இருதய ஸ்கேன் எடுத்தப்ப தான் இருதயத்தோட வலது பக்கம் பெருத்து கெடக்குன்னு தெரிஞ்சது, பொறந்ததுல இருந்தே சின்னதா ஒரு ஓட்டை இருந்திருக்குது. எக்கோ ஒரு உத்தேச கணக்கு தான், நெசமான அளவு வேணும்னா ட்யூப் உட்டு தான் பாக்கணும்னு சொல்லி, மரமரப்பு ஊசி போட்டு கழுத்து ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு ட்யூப வலது இருதயத்துக்கு உட்டு அளந்தாங்க. சாதாரணமா அங்க சராசரி பிரஷர் 14 பக்கம் இருக்கணுமாம், 20க்கு மேல போனா சீக்குன்னு கணக்கு, எனக்கு 48.

இப்ப கேளுங்க கூத்த. எங்கூர்ல மருத்துவ முகாம் போட்டாங்க, நானும் சும்மா போய் கைய நீட்டுனேன். பட்டை சுத்தி பாத்துட்டு அந்த புள்ள "அக்கா பிரஷர் 100க்கு 60 தான் இருக்குது, பிரஷர் மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா, அத நிறுத்திருங்க"ன்னுது. நல்லதுக்கு தான் சொல்லுச்சு. ஆனா கைல பாக்கறது ஒடம்பு முழுக்க போற ரத்தத்தோட பிரஷர், நுரையீரல் குழாய்ல இருக்கறது அந்த பட்டைக்கு தெரியவே தெரியாது. இந்த மாத்திரைய திடுதிப்புனு நிறுத்துனா வலது பக்க இருதயம் திணறிப் போயிரும்னு என்ற டாக்டர் படிச்சு படிச்சு சொல்லிருக்காரு. லோ பிரஷர்ல கண்ணு இருட்டி வந்தா அவருக்கு போன் பண்ணணும், நாமளா நிறுத்தக்கூடாது. எங்க நங்கையா அன்னைக்கு பக்கத்துல நின்னாங்க, இன்னைக்கு வரைக்கும் "அந்த நர்சே நிறுத்த சொல்லுச்சு, இவ கேக்க மாட்டீங்கறா"ன்னு தான் ஊரெல்லாம் பழமை.

உங்களுக்கெல்லாம் எப்பிடி?

பஞ்சுமில் பையன், பல்லடம்:

எங்கப்பாவுக்கும் எக்கோல நுரையீரல் பிரஷர் ஜாஸ்தின்னு எழுதிருக்காங்க. மில்லுல பஞ்சு ஒடைக்கற டிபார்ட்மென்ட்ல காலம் பூரா வேலை, பீடி வேற, இழுப்பு ரொம்ப வருசமா இருக்குங்க. அக்கா சொல்ற மாத்திரையவே வாங்கி குடுத்து பாக்கலாமுங்களா?

மருந்துக்கடை அண்ணாச்சி, பவானி:

தம்பி அவசரப்படாதீங்க. நான் டாக்டர் இல்ல, கடைல உக்காந்து சீட்டு பாத்து பாத்து தெரிஞ்சுகிட்டது தான், ஆனா இது கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். நுரையீரல் பிரஷர்னு ஒரே பேரா சொன்னாலும் காரணத்த வெச்சு அஞ்சு வகையா பிரிச்சிருக்காங்க. அந்த அம்மிணிக்கு இருக்கறது குழாயே சுருங்கி தடிச்சு போற வகை. இடது பக்க வால்வு கெட்டு வர்றது ஒண்ணு, உங்கப்பாவுக்கு மாதிரி நுரையீரல் கெட்டுப்போய் வர்றது ஒண்ணு, ரத்தக்கட்டி அடைச்சு வர்றது ஒண்ணு, அதுக்கு ஆப்பரேசன் கூட இருக்குது. நுரையீரல்ல காத்து போகாத பக்கத்துக்கு ரத்தம் வீணா போகக்கூடாதுன்னு ஒடம்பே அங்க குழாய சுருக்கி வெச்சிருக்கும், இந்த மாத்திரைய குடுத்தா அதையும் தொறந்து உட்டு ஆக்சிஜன் இன்னும் கொறையறதுக்கு வாய்ப்பு இருக்குது. அப்பாவ நுரையீரல் டாக்டர்கிட்ட காட்டுங்க, ஒருத்தரோட சீட்ட இன்னொருத்தருக்கு வாங்கவே வாங்காதீங்க.

அம்மிணி, 20 மில்லிகிராம் சின்ன ஊர் கடைல கெடைக்கறது கஷ்டம், தெரியுமுங்க. 50, 100 தான் ஓடும், அது எதுக்கு ஓடுதுன்னு சொல்ல வேண்டியதில்ல 😄 காசு மிச்சம்னு 100 மாத்திரைய பிளேடு வெச்சு அஞ்சா வெட்டி குடுங்கன்னு கேக்கறவங்க இருக்காங்க. வெட்டிப் பாத்தா ஒரு துண்டு 15 வரும் ஒரு துண்டு 30 வரும், மிச்சம் பொடியாகி அட்டைல ஒட்டிக்கும். நான் குடுக்கறதில்ல. பத்து நாளைக்கு மாத்திரை கையிருப்பு இருக்கறப்பவே கடைல சொல்லிட்டீங்கன்னா ஈரோட்ல இருந்து வரவழைச்சு குடுத்துருவோம்.

வாய்க்காக்கரை அம்மிணி:

அண்ணா அந்த கடை கதைய ஏன் கேக்கறீங்க. மொத தடவ சீட்ட நீட்டுனப்ப கடைப்பையன் சீட்ட பாத்தான், என்னைய பாத்தான், திருப்பி சீட்ட பாத்தான், அப்பறம் உள்ள போய் இன்னொருத்தன கூட்டிட்டு வந்தான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஊட்டுக்கு வந்து மகன் போன்ல பாத்து சொன்னப்பறம் தான் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. எங்க ஊட்டுக்காரர் அதுக்கப்பறம் அந்த கடை பக்கமே போறதில்ல, சத்தி ரோட்டுல வேற கடை. நான் போவேன், எனக்கென்ன வெக்கம், மூச்சு விடறதுக்கு தான வாங்கறேன்.

மருந்துக்கடை அண்ணாச்சி, பவானி:

வெக்கமே படாதீங்க. சில்டெனாஃபில மொதல்ல நெஞ்சு வலிக்குன்னு தான் ஃபைசர் கம்பெனிக்காரங்க ஆராய்ச்சி பண்ணுனாங்க, சோதனைல வேற பலன் தெரியவும் 1998ல வயாகராங்கற பேர்ல வந்துச்சு, 2005ல நுரையீரல் பிரஷருக்கு 20 மில்லிகிராமா அமெரிக்கால அனுமதி குடுத்தாங்க. குழாய இளக்கி உடற வேலை தான் ரெண்டுக்கும்.

ஒண்ணு மட்டும் ஊட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க. நம்மூர்ல நெஞ்சு புடிச்சுக்கிட்டா ஒடனே நாக்குக்கடியில சார்பிட்ரேட் வெச்சு உட்ருவாங்க, பாதி பேர் சட்டப்பைல வெச்சுகிட்டு சுத்தறாங்க. சில்டெனாஃபில் சாப்பிடறவங்களுக்கு அது ஆகவே ஆகாது, பிரஷர் அதல பாதாளத்துக்கு போயிரும், உசுருக்கே ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு 24 மணி நேரமாச்சும் ஆகியிருக்கணும், டடாலாஃபில்னு இதே வகை மாத்திரைன்னா 48 மணி நேரம். போசென்டான் சாப்பிடறவங்க சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு எடுத்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டும் சேந்தா கல்லீரலுக்கு ஆகாது.

வாய்க்காக்கரை அம்மிணி:

இத கேட்டதும் சீட்டு ஒண்ணு எழுதி என்ற பர்சுல வெச்சுட்டேங்க, "சார்பிட்ரேட் வெக்காதீங்க"ன்னு பெருசா.

பனியன் கம்பெனி தங்கச்சி, திருப்பூர்:

அக்கா எனக்கு தோல் இறுகற சீக்குல இருந்து வந்துச்சு, ஸ்கிளீரோடெர்மா. மார்கழி மாசம் காலைல தண்ணில கைய வெச்சா வெரலெல்லாம் வெளுத்து அப்பறம் ஊதா ஆயிரும், அப்பவே சொல்லிருந்தா முன்னாடியே கண்டுபுடிச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. போசென்டான் வகையிலயே ஆம்ப்ரிசென்டானும், கூட டடாலாஃபிலும் ஓடுது, டடாலாஃபில் ஒரு நாளைக்கு ஒரு தடவ தான், தையல் மெசின்ல உக்காந்துருக்கறப்ப மத்தியான மாத்திரை மறந்து போற கவலை இல்ல. மொத மாசம் தலைவலின்னா தலைவலி, மூஞ்சி செவந்து போயி, மூக்கு அடைச்சு, சூப்பர்வைசர் அழுதியான்னு கேட்டாரு. அது அப்பிடியே கொறஞ்சு போச்சு. கால் வீக்கம் மட்டும் போகல, பொழுதோட செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்பிடியே தெரியும்.

எழுதணும்னு நெனச்சது வேறக்கா. ஆம்ப்ரிசென்டான் சாப்பிடறப்ப கொழந்தை உண்டாகவே கூடாது, வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஊனம் வரும், அதுவும் இல்லாம இந்த சீக்கோட பிரசவம்னா தாய்க்கே ரொம்ப ஆபத்து. மாசாமாசம் டெஸ்ட் பண்ணி தான் மாத்திரை எழுதறாங்க. எங்க மாமியா ஒவ்வொரு நோம்பிக்கும் "ரெண்டாவது எப்ப"ன்னு ஒரம்பரை முன்னாடியே கேப்பாங்க. எங்க ஊட்டுக்காரர் ஒரு தடவ அவங்களையே டாக்டர் முன்னாடி கூட்டிட்டு போய் உக்கார வெச்சாரு. டாக்டர் பதமா எல்லாம் சொன்னாங்க. வெளிய வந்து ஒண்ணும் பேசல, பஸ்ஸுல ஜன்னல் சீட்ட எனக்கு உட்டுட்டாங்க. இப்ப கேக்கறதில்ல.

வாய்க்காக்கரை அம்மிணி:

கண்ணு நீ நல்லாருப்ப. போசென்டானுக்கும் அதே கதை தான், எனக்கு வயசு தாண்டிருச்சு, ஆனா சாப்பிடற வயசு புள்ளைங்க கர்ப்பத்தடை மாத்திரைய மட்டும் நம்பக்கூடாதாம், போசென்டான் அதோட பலத்த கொறச்சுருமாம். எனக்கு மாசாமாசம் கல்லீரல் டெஸ்ட் வேற. மொத நாலு வாரம் 62.5 தான் குடுத்தாங்க, டெஸ்ட் சரியா இருக்கவும் 125 ஆக்குனாங்க.

நீர் மாத்திரை தாங்க பெரிய அக்கப்போரு. வெள்ளெனே போட்டுட்டு கோயமுத்தூர் பஸ் ஏறுனா அவினாசி வர்றதுக்குள்ள உசுரு போயி உசுரு வரும். செக்கப்புக்கு போற அன்னைக்கு மட்டும் ஆஸ்பத்திரி போய் சேந்து போட்டுக்கறேன்னு டாக்டர்கிட்டயே கேட்டு மாத்திகிட்டேன். எடை தெனமும் காலைல பாக்கணும், திடீர்னு கூடுனா நீர் கோத்துருக்குன்னு அர்த்தம். உப்பு கொறைக்கறதுல கருவாடும் ஊறுகாயும் போச்சு, அரிசிம்பருப்புக்கு நெய் ஊத்தி தொட்டுக்க ஒண்ணுமில்லாம திங்கறதுக்கு நான் இன்னும் பழகல, பழகவும் மாட்டேன் போல.

மேட்டுப்பாளையம் டிரைவர்:

எங்க சித்தி டடாலாஃபில் தான். மே மாசம் மலர் கண்காட்சிக்கு குடும்பத்தோட ஊட்டி கெளம்புனோம், டாக்டர் ஒரே வார்த்தைல வேண்டாம்னுட்டாரு. ஊட்டி 2,240 மீட்டர் ஒசரம், அங்க காத்துல ஆக்சிஜன் கம்மி, கம்மியானா நுரையீரல் குழாய் இன்னும் சுருங்குமாம். மலையடிவாரத்துல கல்லார் பழப்பண்ணையோட திரும்பிட்டோம், சித்தி மூஞ்ச தூக்கி வெச்சுகிட்டாங்க, ஒரு பை பழம் வாங்கி குடுத்து சமாளிச்சேன்.

பஞ்சுமில் பையன், பல்லடம்:

அண்ணாச்சி சொன்னபடி அப்பாவ நுரையீரல் டாக்டர்கிட்ட காட்டுனோமுங்க. இந்த மாத்திரை அப்பாவுக்கு வேண்டாம்னுட்டாங்க. இன்ஹேலர மாத்தி குடுத்து, ஊட்லயே ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்கு கொறையாம ஆக்சிஜன் வெக்க சொன்னாங்க. மெசின் வாடகைக்கு எடுக்கலாமுங்களா, கரண்ட் போனா என்ன பண்றது?

மருந்துக்கடை அண்ணாச்சி, பவானி:

வாடகைக்கு திருப்பூர்லயே கெடைக்கும், எடுக்கறதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு மணி நேரம் ஓட்டி சத்தம் எவ்வளவுன்னு பாத்துக்கங்க, இல்லீன்னா தூங்க முடியலைன்னு அப்பாவே நிறுத்தி வெச்சுருவாரு. கரண்ட் போறதுக்கு சின்ன சிலிண்டர் ஒண்ணு நிரப்பி வெச்சுக்கங்க. அந்த ரூம்ல சாமி வெளக்கு, ஊதுபத்தி, தீப்பெட்டி எதுவும் இருக்கக்கூடாது. பீடி கட்ட எங்க ஒளிச்சு வெச்சிருக்காருன்னு இன்னைக்கே தேடுங்க.