நியூட்ரல்னு எழுதலாமா? வீல்சேர் ஜாய்ஸ்டிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

பேட்டரி வீல்சேர்ல ஜாய்ஸ்டிக் போச்சுன்னா வேற மாட்டுறது எப்படின்னு நாலு பக்கத்துக்கு ஒரு கையேடு எழுதிக்கிட்டு இருக்கேன். சித்தப்பா பையனுக்கு தசைச்சிதைவு, அவன் வண்டிக்கு மாட்டினப்ப பட்ட பாடுதான் இதுக்குக் காரணம். பாதி தாண்டியாச்சு, ஒரே ஒரு சொல்லுல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. நியூட்ரல்.

கைய எடுத்துட்டா ஸ்பிரிங் இழுத்து குச்சி நடுவுல வந்து நிக்கும்ல, அதத்தான் மேனுவல்ல எல்லாம் நியூட்ரல்னு போடுறான். சின்ன விஷயம் இல்ல இது. வண்டிய ஆன் பண்ற நொடியில குச்சி நடுவுல இல்லேன்னா கன்ட்ரோலர் ஓட விடாது, பிழைன்னு லைட்ட மினுக்கிட்டு உக்காந்துரும். வி.ஆர்.2 கன்ட்ரோலர்ல பேட்டரி அளவு காட்டுற லைட்டுல ஏழு பார் மினுக்கினா ஜாய்ஸ்டிக் சமாச்சாரம்னு அர்த்தம், முதல்ல குச்சி நடுவுல இருக்கான்னு பாருன்னுதான் அதோட மேனுவலும் சொல்லுது. வேற ஜாய்ஸ்டிக் மாட்டும்போது பாதி பேரு மாட்டிக்கிறது இங்கதான். பல மாடல்ல ஜாய்ஸ்டிக்குக்கு 5 வோல்ட் போகும், குச்சி நடுவுல இருந்தா 2.5 பக்கம் திரும்பி வரும், ஒரு பக்கம் தள்ளினா ஏறும் எதிர்ப்பக்கம் தள்ளினா இறங்கும், ஆனா முழுசா 0-வுக்கோ 5-க்கோ போகாது, போச்சுன்னா வயர் அறுந்துருச்சு இல்ல ஒட்டிக்கிச்சுன்னு கன்ட்ரோலர் கண்டுபிடிச்சுரும். புதுசா மாட்டினதோட நடு 2.5-ல இல்லாம தள்ளி இருந்துச்சுன்னா நீங்க தொடவே இல்லேன்னாலும் யாரோ தள்ளிப் பிடிச்சிருக்காங்கன்னு அது நினைச்சுக்கும்.

சரி, நியூட்ரல்னே போட்டா என்னன்னு கேப்பீங்க. சித்தப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு. நான் போன்ல, "நியூட்ரல்ல வச்சுட்டு ஆன் பண்ணுங்க சித்தப்பா"ன்னேன். அவரு குனிஞ்சு பின்னால மோட்டார் பக்கத்துல இருக்கிற ரெண்டு லீவரையும் திருப்பிட்டாரு. அது கியர எடுத்து விடுற லீவர், ஆள் தள்ளிட்டுப் போறதுக்கு. அத எடுத்துட்டா பிரேக்கும் சக்கரத்தப் பிடிக்காது. வீட்டு வாசல்ல சாய்தளம். வண்டி தானா உருண்டு கேட்டுல போய் நின்னுச்சு, நல்லவேளை பையன் கட்டில்ல இருந்தான். தப்பு அவரு மேல இல்ல, லாரிக்காரருக்கு நியூட்ரல்னா கியர்தான்.

நல்ல சொல்லா ஒண்ணு குடுங்க.

*

தம்பி, வணக்கம்.

மூணாவது சிக்கல் ஒண்ணு இருக்கு. நான் மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவன், எங்க ஆளுங்க கிட்ட நியூட்ரல்னா கருப்பு வயர், அவ்வளவுதான். வீல்சேர்ல அப்படி ஒரு வயரே கிடையாது, ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரியல்ல போட்டு 24 வோல்ட் டி.சி. உங்க கையேட்டப் பாத்துட்டு எவனாவது கருப்பத் தேடிப் பிடிச்சு நியூட்ரல்னு நினைச்சு எங்கயாவது மாட்டினா போர்டு போயிரும். கலர நம்பாதே, பழைய ஜாய்ஸ்டிக்கக் கழட்டுறதுக்கு முன்னாடியே எந்தப் பின்னுக்கு எதுன்னு மீட்டர் வச்சுப் பாத்து எழுதிக்கோன்னு பெரிய எழுத்துல போடுங்க. அப்புறமா பேட்டரிய பிரிச்சுட்டு வயர்ல கைய வைக்கச் சொல்லுங்க.

சொல்லுக்கு வருவோம். நடுநிலைன்னு போடலாம். பிடிக்கலேன்னா நடுவிருப்பு. நடுவுல இருத்தல், இலக்கணமும் சரியா இருக்கு.

*

ஐயா சொன்ன ரெண்டுமே எனக்கு ஒத்துவரல, மன்னிக்கணும். நடுநிலைன்னா பஞ்சாயத்து, நடுநிலைப் பள்ளி, பேப்பர்க்காரன் சொல்ற நடுநிலை. நடுவிருப்ப வாசிச்சுப் பாருங்க, நடு விருப்பு! யாருக்கு எது மேல விருப்பம்னு கேப்பாங்க. காகிதத்துல சந்தி பிரிக்கிறவங்க நம்ம மட்டும்தான், ஸ்க்ரூட்ரைவரோட கீழ படுத்திருக்கிறவரு பிரிக்க மாட்டாரு.

நான் பதினோரு வருஷமா இந்த வண்டியிலதான் இருக்கேன், எங்க வீட்டுல என்ன சொல்வோம் தெரியுமா, "குச்சி நிக்குதா?" அம்மா கேப்பாங்க, நிக்குதுன்னா ஆன் பண்ணுவாங்க. அதையே எடுத்துக்கலாமே. நடுநிற்பு. பேசும்போது நடுநிப்புன்னு வரும், வரட்டும்.

இன்னொண்ணும் கேக்கணும், ஜாய்ஸ்டிக்னு எதச் சொல்றீங்க? குச்சியவா, இல்ல பட்டனு பேட்டரி லைட்டு சார்ஜர் குத்துற ஓட்டை எல்லாம் இருக்கிற மொத்தப் பெட்டியவா? கடையில ரெண்டுக்கும் ஒரே பேருதான். எனக்குக் குச்சி மட்டும்தான் போயிருந்துச்சு, ஜாய்ஸ்டிக்னு ஆர்டர் போட்டா முழுப் பெட்டி வந்துச்சு, அதுவும் என் கன்ட்ரோலருக்குச் சேராத வேற மாடல். ஒரே மாதிரி பிளக்கா இருந்தாலும் உள்ள பேசுற பாஷை வேற, ஆர்-நெட், ஷார்க்னு ரெண்டு கன்ட்ரோலர் வகை இருக்கு, ஆர்-நெட்டுக்கு உரியத ஷார்க்குல குத்தினா ஒண்ணும் நடக்காது.

*

அக்கா, நடுநிற்பு பிரமாதம். நேத்து ராத்திரியே மாத்திட்டேன். ஐயா, கோவிச்சுக்காதீங்க, உங்க மீட்டர் எச்சரிக்கை முதல் பக்கத்துலயே போயிருச்சு.

பெட்டிக்கு ஓட்டுப்பெட்டின்னுதான் முதல்ல எழுதினேன், வண்டிய ஓட்டுற பெட்டின்னு. வீட்டுக்காரி படிச்சுட்டு எலக்‌ஷன் எப்பன்னு கேட்டா. அதனால கைப்பெட்டி. உள்ள இருக்கிறது திசைக்குச்சி. ஜாய்ஸ்டிக்க அப்படியே பெயர்த்து இன்பக்குச்சின்னு ஒருத்தர் தனியா எழுதி அனுப்பியிருந்தாரு, அவருக்கு என் அன்பு, ஆனா வேண்டாம். கடையில கேக்குறதுக்கு ஜாய்ஸ்டிக்னு ஒரு தடவ பக்கத்துல போட்டுருவேன், அது இல்லாம பொருள் வாங்க முடியாது.

பின்னால இருக்கிற லீவருக்கு ரெண்டு நிலை, ஓட்டுநிலை, தள்ளுநிலை. இதுக்கு நியூட்ரல்ங்கிற பேச்சே வரக்கூடாதுன்னு வச்சுக்கிட்டேன். இப்ப அந்தப் பகுதி இப்படி இருக்கு, பாத்துச் சொல்லுங்க:

"ரெண்டு பெரிய சக்கரமும் தரையில படாத மாதிரி வண்டிக்கு அடியில கட்டை குடுங்க. லீவர் ஓட்டுநிலையில இருக்கணும். வேகத்தக் குறைச்சு வைங்க. திசைக்குச்சியிலிருந்து கைய முழுசா எடுங்க. குச்சி நடுநிற்புல இருக்கான்னு பாத்துட்டு ஆன் பண்ணுங்க. டக்குனு ஒரு சத்தம் மோட்டார்ல கேட்டா அது பிரேக் விடுற சத்தம், அது குச்சிய அசைக்கும்போதுதான் கேக்கணும், ஆன் பண்ணினதுமே கேட்டா உடனே ஆஃப் பண்ணுங்க."

பிரேக் கரண்ட் வந்தா விடும், கரண்ட் போனா ஸ்பிரிங் அழுத்தத்துல பிடிக்கும், அதையும் ஒரு வரி சேக்கணும், நிறைய பேரு தலைகீழா நினைச்சிருக்காங்க.

சித்தப்பாக்கு போன்ல படிச்சுக் காட்டினேன். லீவர் கிட்டயே போகல. "குச்சி நட்டமா நிக்குதுடா, போட்டுறவா?"ன்னாரு. நட்டமான்னா நஷ்டம்னு எவனும் எடுத்துக்குவானோன்னு எனக்கு ஒரு பயம், அவரு பாட்டுக்குச் சொல்லிக்கட்டும்.

பாக்கி இருக்கிறது ஒண்ணு. நடுநிற்ப சுத்தி கொஞ்ச தூரம் குச்சிய அசைச்சாலும் வண்டி நகராதுல்ல, கை நடுங்குறவங்களுக்கு அத அகலமா வச்சுக் குடுப்பாங்களே, டெட்பேண்ட். அதுக்கு என்ன சொல்லலாம்? செத்த பட்டைன்னு மட்டும் யாரும் அனுப்பாதீங்க.