இரண்டு தொடக்கப் பள்ளிகளை ஜோடி சேர்க்கப் போகிறார்கள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு அடுத்த ஆண்டு கிண்டர்கார்டன். எங்கள் பள்ளியையும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியையும் இணைப்பதாகப் பேச்சு. இரண்டாம் வகுப்பு வரை அங்கே, மூன்று முதல் ஐந்து வரை இங்கே.

போன வாரக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து வீட்டு விலை இறங்கிவிடும் என்றார். பின்வரிசையில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஓர் அம்மா, "எங்கள் பிள்ளைகள் வந்தாலா?" என்று மட்டும் கேட்டார். நான் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1948இல் பிரின்ஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியையும் வெள்ளையர் பள்ளியையும் இப்படித்தான் வகுப்புகளைப் பிரித்துச் சேர்த்தார்கள். 'பிரின்ஸ்டன் திட்டம்' என்ற பெயர் வந்தது அதனால்தான். 2018இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் பில்லிங்ஸ்வில், காட்ஸ்வோல்ட் பள்ளிகளை இணைத்தபோதும் இதே இரண்டாம் வகுப்புக் கணக்குதான்.

சார்லட் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? காலையில் இரண்டு பள்ளிக்கும் எப்படி ஓடினீர்கள்? மணி அடிக்கும் நேரத்தை மாற்றி வைத்தார்களா? நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள், ஒரே கார். அப்புறம், பிள்ளைகள் உண்மையிலேயே கலந்து பழகினார்களா, மதியச் சாப்பாட்டு மேசையில் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்களா?

அடுத்த கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆதரித்துத்தான் பேசப் போகிறேன், ஆனால் பஸ் விஷயத்தை விடமாட்டேன். செவ்வாய்க்குள் பதில் கிடைத்தால் நல்லது.