[கலைச்சொல்] ஷாட்கன் ‘ஸ்பிரெட்’ – சிதறலா, விரிவா?

வணக்கம். அவசரம். ஒரு காணொளிக்குத் தமிழில் துணையுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலைக்குள் அனுப்பியாக வேண்டும். வீடியோ கேமில் வரும் ஷாட்கன்னையும், அமெரிக்காவில் வீட்டுக் காவலுக்கென்று வாங்கி வைக்கும் நிஜ ஷாட்கன்னையும் ஒப்பிடும் காணொளி. ஷாட்கன்னுக்குச் ‘சிதறு துப்பாக்கி’ என்று போட்டுவிட்டேன். இடிப்பது ‘ஸ்பிரெட்’. குழலை விட்டு வெளியே வந்த குண்டுகள் போகப் போக எவ்வளவு அகலத்துக்குப் பிரிகின்றன என்பது. இருபது நிமிடத்தில் 41 முறை வருகிறது. இப்போதைக்குச் ‘சிதறல்’. சரிதானா?
– மு.

தம்பி, சிதறல் அழகான சொல். சங்கப் பாடல்களில் ‘சிதர்’ என்றால் மழைத்துளி, வண்டுக்கும் அதே பெயர். ஈயத்துளி வண்டாகப் பறக்கிறது, வேறென்ன வேண்டும்? துப்பாக்கியும் தமிழே. குண்டைத் துப்புவதால் துப்பாக்கி. வள்ளுவரே 12ஆம் குறளில் சொல்லிவிட்டார்.
– புலவர் கி.

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்தக் குறள் மழையைப் பற்றியது. அங்கே ‘துப்பு ஆக்கி’ என்றால் உணவை விளைவித்து என்று பொருள். நம் துப்பாக்கி துருக்கியர் ‘துஃபெக்’ வழி வந்தது. வந்தால் என்ன, இத்தனை காலம் குடியிருந்துவிட்டது.

சிதறல் வேண்டாம் என்பேன். இயற்பியல் பாடநூலில் ஒளிச்சிதறல் என்று ஏற்கெனவே இருக்கிறது.
– த.

> சிதறல் அழகான சொல்

அழகுதான், ஆனால் பொய் சொல்லும் சொல். நான் ஒஹாயோவில் இருக்கிறேன், வார இறுதியில் சுடப் போவதுண்டு. பத்தடி தள்ளி அட்டையை நிறுத்தி 12 கேஜ் அளவுக் குழலில் ‘டபுள்-ஆட்’ என்னும் பெருங்குண்டுத் தோட்டா ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். ஒரே ஓட்டை. நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஓரம் கிழிந்திருக்கும், அவ்வளவுதான். தோட்டாவுக்குள் 8 அல்லது 9 குண்டு, ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் பிரியும் என்பது இங்கே வாய்க்கணக்கு. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சுட்டாலும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் போவது கஷ்டம்.

கேமில் அப்படியா? வாசலை நோக்கிச் சுட்டால் வாசல் முழுக்கப் பாயும், இருபது அடிக்கு அப்பால் எதிரிக்குக் கொசுக்கடிதான். மற்றத் துப்பாக்கிகளுக்கும் வேலை இருக்க வேண்டுமே, அதனால் அப்படி அமைக்கிறார்கள். நிஜத்தில் இதே தோட்டா முப்பது கஜத்திலும் ஆளைக் கொல்லும். விளையாடிவிட்டுக் கடைக்குப் போகிறவன் “இருட்டில் குத்துமதிப்பாகச் சுட்டாலும் படும்” என்று நம்பி வாங்குகிறான். படாது, குறி பார்த்தே தீர வேண்டும். தப்பிய குண்டு இங்கத்து ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு பிள்ளை தூங்கும் அறைக்குள் போகும். காணொளியே இதைத்தான் சொல்ல வருகிறது என்று நினைக்கிறேன். அங்கே போய் ‘சிதறல்’ என்று எழுதினால், மறுக்க வேண்டிய தப்பை நாமே மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம்.

விரிவு. மெல்ல, தூரத்தோடு கூடும் விரிவு.
– நா.

அண்ணா, விரிவு என்றதும் ‘விரிவுரை’ ஞாபகம் வருகிறதே! ‘பரவல்’?
– செல்வி

பரவல் நோய்க்கும் வதந்திக்கும். வேண்டாம் அம்மா.

நான் யோசித்தது: மொட்டு அலர்வதுபோல் குண்டுகளும் சேர்ந்து கிளம்பி மெல்லப் பிரிகின்றன. எனவே ‘அலர்வு’. அதன் எதிர்ச்சொல் கூம்புதல். குழலின் வாயை உள்ளே சற்றுக் குறுக்கி விரிவைக் கட்டுப்படுத்துகிறார்களே, ‘சோக்’, அதற்குக் ‘கூம்பல்’. வடிவமும் கூம்புதானே! ஒரே உவமையில் இரட்டைக் கலைச்சொல்.
– புலவர் கி.

ஐயா, கூம்பலுக்கு எழுந்து நின்று கைதட்டுகிறேன். ஆனால் அகத்திணையில் அலர் என்றால் ஊர்ப்பேச்சு. “துப்பாக்கியின் அலர் அதிகம்” என்று எழுதினால் தலைவியின் தாய் கதவைச் சாத்திவிடுவாள்.
– த.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு. நீங்கள் ‘குண்டு, குண்டு’ என்கிறீர்கள். எங்களுக்குக் குண்டென்றால் வானத்திலிருந்து விழுவது. துவக்கில் போடுவது ரவை. ‘ரவை விரிவு’ என்று எழுதினால் ஒருவருக்கும் மயக்கம் இராது.
– ப.

எங்களுக்கு இருக்கும். ரவை என்றால் உப்புமா. எங்கள் ஊரில் நாட்டுத் துப்பாக்கியில் போடுவதைப் ‘பால்ரஸ்’ என்பார்கள், சைக்கிள் கடையில் கிடைக்கும் அதே பால்ரஸ். சுத்தத் தமிழ் என்றே பத்தாம் வகுப்புவரை நினைத்திருந்தேன்.
– செல்வி

அதைவிட வேடிக்கை ‘பன்னிரண்டு போர்’. ஆங்கிலத்தில் ‘போர்’ என்றால் குழலின் துளை, நா. சொன்ன 12 கேஜும் இதுதான். வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் இரட்டைக்குழலுக்கு அந்தப் பெயர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் கச்சிதமாக நுழையும், அதுதான் கணக்கு. சின்ன வயதில் பன்னிரண்டு யுத்தம் கண்ட துப்பாக்கி என்று நினைத்துப் பயபக்தியோடு பார்த்திருக்கிறேன்.
– த.

எல்லோருக்கும் நன்றி, ஆனால் மணி இரவு 11. பழைய ‘டூம்’ விளையாட்டும் காணொளியில் வருகிறது. 1993இல் வந்த முதல் பாகத்தில் ஒரு சூட்டுக்கு 7 குண்டு, அவை பக்கவாட்டில் மட்டும் பிரியும், மேலும் கீழும் பிரியாது. 1994இல் வந்த அடுத்த பாகத்தின் இரட்டைக்குழலில் 20. அந்த ஏழுக்கு ‘விரிவு’ ஒட்டவில்லையே?
– மு.

அதற்கு ‘விசிறல்’ போடுங்கள், விசிறி அப்படித்தானே விரியும். மற்ற இடத்திலெல்லாம் விரிவு.
– நா.

ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழா? நாளைக்குக் கலைச்சொல் பட்டியல் போடுகிறவர் நம்மைத்தான் திட்டுவார்.
– செல்வி

அனுப்பிவிட்டேன். 38 இடத்தில் ‘குண்டு விரிவு’, டூமுக்கு இரண்டு ‘விசிறல்’, புலவர் ஐயாவின் ‘கூம்பல்’ நான்கு இடத்தில். விளையாடுகிறவர் தன் வாயால் பேசும் ஓர் இடத்தில் மட்டும் ‘ஸ்பிரெட்’ என்றே விட்டேன், அவர் வாயில் வேறு எதுவும் நம்பும்படியாக இல்லை. ப. ஐயா, அடுத்த முறை ரவை.
– மு.

அடுத்த முறை என்று 2009இலும் இந்தக் குழுவில் சொன்னீர்கள். அது கைக்குண்டுக்கு.
– ப.