அப்பாவின் பழைய கணினி: திறக்கவே 9 நிமிடம், நடுவில் தானாக அணைகிறது. எங்கே தொடங்குவது?

கேள்வி

வணக்கம். அப்பாவின் மேசைக் கணினி பற்றிக் கேட்க வேண்டும். 2013இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாக அவர் எழுதிவரும் பயிற்சிக் கணக்குகளும் விளக்கங்களும் இதில்தான் இருக்கின்றன. அறுநூறுக்கு மேல் வேர்ட் கோப்புகள், எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை.

நாலைந்து மாதமாகவே கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. போன வாரத்திலிருந்து முடியவில்லை. பட்டனை அழுத்தியதிலிருந்து மவுஸ் சொன்னபடி நகர 9 நிமிடம் ஆகிறது, கடிகாரம் பார்த்தே சொல்கிறேன். ஒரு கோப்பைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை. அந்த நேரம் கேபினெட் பக்கம் காதை வைத்தால் 'டிக்... டிக்...' என்று ஒரே சீராகச் சத்தம் கேட்கிறது.

இதோடு இன்னும் இரண்டு தொல்லை. அப்பா இரவில் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுவார். காலையில் போட்டால் தேதி 2013 ஜனவரி 1 என்று நிற்கிறது. பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பானதல்ல என்கிறது. அடுத்தது, வீடியோ ஏதாவது ஓடினால் இருபது நிமிடத்தில் விசிறி இரைகிறது, பிறகு பட்டென்று மொத்தமும் அணைந்துவிடுகிறது.

தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாததை நிறுத்தினேன். வைரஸ் ஸ்கேன் பாதியிலேயே உறைந்தது. தெரிந்தவர் ஒருவர், பார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார். நாளைக்கு அதைச் செய்யலாமா? இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதானா?

பதில் 1

4 ஜிபி ராம் இன்றைக்குப் போதாது. பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே நிறைந்துவிடும். நிறைந்ததும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே ராம் மாதிரிப் பயன்படுத்தத் தொடங்கும், அப்போதும் டிஸ்க் 100% காட்டும். 8 ஜிபி ஆக்கிப் பாருங்கள். உங்கள் போர்டில் டிடிஆர்3 இருக்க வாய்ப்பு அதிகம், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு அடுத்த வகையான டிடிஆர்4 அதில் உட்காராது, அடிப்பக்கத்து வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

பதில் 2

ராம் போதாது என்பது உண்மை, ஆனால் அது பிறகு. நாளைக்குப் பார்மட் போடாதீர்கள். அப்பாவின் கோப்புகளுக்கு வேறு எங்காவது நகல் இருக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

டிஸ்க் 100% காட்டுவதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். வேலை அதிகமாக இருந்தால் வேகமும் அதற்கேற்ப ஓடும். உங்களுக்கோ வேகமே இல்லை, கூடவே டிக் டிக் சத்தம். அதே டாஸ்க் மேனேஜரில் 'சராசரி மறுமொழி நேரம்' என்று இருக்கும், பாருங்கள். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் சாதாரணமாக 10, 20 மில்லிசெகண்டுக்குள் நிற்கும். ஆயிரக்கணக்கில் ஓடினால், உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் ஹெட் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துத் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து நாலு வரிகளின் கடைசி எண்ணை இங்கே போடுங்கள்: 05, சி5, சி6, சி7. டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகள்தான் செக்டர்கள். அவற்றில் கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை 05. படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை சி5. சோதித்துப் பார்த்தும் படிக்க வராதவை சி6. சி7 மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால் சந்தோஷப்படலாம், அது பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு, கேபிளை மாற்றினால் போதும். அந்த எண்கள் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறை) இருக்கும், அப்படியே படித்துவிடாதீர்கள்.

அதுவரை கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டீஃப்ராக் வேண்டாம், பிழை தேடும் செக் டிஸ்க் ஓட்ட வேண்டாம், வைரஸ் ஸ்கேனும் வேண்டாம். மூன்றுமே டிஸ்க் முழுவதையும் உழுகிற வேலை. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு மிச்சமிருக்கும் மூச்சைக் கோப்புகளை எடுக்கத்தான் செலவழிக்க வேண்டும்.

மற்ற இரண்டும் தனித்தனிக் கதை. தேதி போவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்ததால். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை போர்டு அதிலிருந்தே கடிகாரத்தை ஓட்டிக்கொள்ளும், சுவர் சுவிட்சை அணைத்தபின் அந்தப் பேட்டரிதான் துணை. தேதி 2013 என்று நின்றால், இன்றைய தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசருக்குத் தோன்றும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. திடீரென்று அணைவது சூட்டால் இருக்கலாம். ஆனால் முதலில் டிஸ்க்.

கேள்வி கேட்டவர்

நகல் இல்லை. எங்குமே இல்லை. உங்கள் பதிலைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

மறுமொழி நேரம் 4,000 மில்லிசெகண்டுக்கு மேல் போகிறது. 05 இல் பூஜ்யம். சி5 இல் 38, சி6 இலும் 38. சி7 பூஜ்யம். பதினாறடிமானம் என்றதும் அப்பாவே பென்சில் எடுத்து 3×16+8=56 என்று போட்டுக் காட்டினார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சி5 '4பி' ஆகியிருந்தது. பி என்றால் 11, அதாவது 75. உடனே அணைத்துவிட்டேன்.

பதில் 2

அணைத்தது நல்லது. ஒரு மணி நேரத்தில் 56 லிருந்து 75 ஆவது என்றால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. இனி அந்த விண்டோஸுக்குள் நுழையவே வேண்டாம். அது தொடங்கும்போதே ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்கும், எழுதவும் செய்யும்.

வேறொரு கணினியில், விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். அப்பாவின் கணினியை அதிலிருந்து பூட் செய்து, கூடவே காலியான வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகுங்கள். முதலில் அந்த அறுநூறு வேர்ட் கோப்புகளை மட்டும் எடுங்கள், கோப்புறை கோப்புறையாக. ஒரு கோப்பில் சிக்கினால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அப்பாவின் தமிழ் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

சிக்கியவற்றுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். டிஸ்க்கை முழுவதுமாக நகலெடுக்கும் அது, நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே விட்டோம் என்று மேப் கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் அணைத்துவிட்டு மறுபடி தொடரலாம். வெளி டிஸ்க் 500 ஜிபியைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

பதில் 3

சூட்டைப் பற்றி நான் சொல்கிறேன், இதே தலைமுறைக் கணினி என் வீட்டிலும் இருக்கிறது. கேபினெட்டைத் திறந்து, பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கை மெதுவாக அசைத்துப் பாருங்கள். பிராசசரோடு சேர்ந்தே வரும் கூலருக்கு (ஹீட்சிங்க்கும் விசிறியும் சேர்ந்தது) நாலு பிளாஸ்டிக் கால்கள், அதில் ஒன்று போர்டிலிருந்து எழும்பியிருந்தாலும் பிராசசரோடு சரியாக ஒட்டாது. என்னுடையதில் அதுதான். மாதக்கணக்கில் விசிறியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கால் சரியாக இருந்தால் தூசியையும் பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். தூசியை ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி மாற்றுவதற்கு முன் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள்) திரைகளை போனில் படம் எடுத்துவையுங்கள். முக்கியமாக, டிஸ்க்கோடு போர்டு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐயா, ஐடிஇயா என்று. பேட்டரி போனால் அது மாறிவிடக்கூடும், பிறகு விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்

இரண்டு நாள் ஆனது. 618 கோப்புகளில் 611 நேரடியாகவே வந்துவிட்டன. மீதி ஏழில் ஆறை டிடிரெஸ்க்யூ எடுத்துக் கொடுத்தது, இரவு முழுக்க ஓடவிட்டேன். இப்போது இரண்டு இடங்களில் நகல் இருக்கிறது. அப்பா தூங்கவே இல்லை, ஒவ்வொரு கோப்புறை முடிந்ததும் நோட்டில் டிக் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கூலரின் ஒரு கால் உண்மையிலேயே எழும்பி நின்றது. பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புதிதாகத் தடவி அழுத்திப் பொருத்தியபின் ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டினேன், 61 டிகிரியைத் தாண்டவில்லை. பேட்டரியும் மாற்றியாகிவிட்டது.

இனி புது டிஸ்க். இந்த போர்டு எச்61 வகை. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் பயன் இருக்குமா? எந்த ஓஎஸ் போடுவது? கடைசியாக, வராத அந்த ஒரு கோப்பு முக்கோணவியல் அத்தியாயம். திறந்தால் சிதைந்திருக்கிறது என்கிறது.

பதில் 2

எச்61 இல் இருப்பது பழைய சாட்டா 2 இணைப்புதான், அதனால் எஸ்எஸ்டியின் முழு வேகமும் வராது. ஆனாலும் போடுங்கள். கணினி இழுப்பதற்குக் காரணம் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி ஹெட் அலைவதுதான், எஸ்எஸ்டியில் அலைவதற்கு எதுவுமே இல்லை. ராம் 8 ஜிபி ஆக்குவதையும் இப்போது சேர்த்துச் செய்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11 உங்கள் பிராசசரை அதிகாரபூர்வமாக ஏற்காது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். நீங்கள் பென் டிரைவில் ஓட்டிய மின்ட்டையே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பாகப் போடலாம். பாமினியை அதிலும் நிறுவலாம், வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் அப்பாவின் கோப்புகளைத் திறக்கும். கணக்குக் குறியீடுகள் இடம் மாறாமல் வருகின்றனவா என்று மட்டும் பத்துக் கோப்புகளைத் திறந்து அப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கோணவியல் கோப்பை ஒரு பிரதி எடுத்துவிட்டு, வேறு கணினியின் வேர்டில் 'திற' சாளரத்துக்குப் போய், கோப்பு வகையில் 'எந்தக் கோப்பிலிருந்தும் உரையை மீட்டெடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படங்களும் சமன்பாடுகளும் போய்விடும். எழுத்து கொஞ்சமாவது வரும், பாமினி எழுத்துருவைப் பூசினால் படிக்கலாம். விட்டுப்போன சமன்பாடுகளை அப்பா கையால் போட்டுவிடுவார்.

கேள்வி கேட்டவர்

14 பக்கத்தில் 11 வந்துவிட்டது. மிச்ச மூன்றை அப்பா இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டார்.